படித்த பின் சொல்லுங்கள்

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்ததும் வயல்வெளிகளுக்கு மேலாக ஒரு கோபுரம் தலைகாட்டும். அதுவே கரிவலம்வந்தநல்லூர். யானை வலம்வந்த நல்லூர் என்பது பெயரின் பொருள். பால்வண்ணநாதர் கோயில் கொண்ட இவ்வூரைப் பழந்தமிழ் நூல்கள் திருக்கருவை என்று சுருக்கி அழைக்கும். நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர், 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. பேருந்தில் இவ்வூரைக் கடந்து போவோர் பலர். இறங்கி நிற்போர் சிலர். நாமும் பல்லாண்டுகள் கடந்து போனவர்களே. சென்ற ஆண்டுதான், ஒரு கடனைத் தீர்ப்பதற்காக இங்கே இறங்கி நடந்தோம். அது பணக்கடன் அன்று. அதைச் சொல்லுமுன் இவ்வூரின் பழங்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்காசியில் அரசு வீற்றிருந்த பாண்டிய மன்னர் அதிவீரராமர். வெற்றிவேற்கை பாடியவர் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும். நளன் கதையை வடமொழியிலிருந்து எடுத்து நைடதம் என்னும் காப்பியமாகவும் அவர் பாடினார். ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்று பிற்காலத்தார் பழமொழி கட்டும் அளவுக்கு அந்நூல் புகழ்பெற்றது. அவருக்குத் தமையன் முறையினரான வரதுங்கராமர் கரிவலம்வந்தநல்லூரில் இருந்தார். பிரமோத்தர காண்டம் பாடிய அவரும் புலவர். அவர்தம் தேவியோ புலமையில் இருவருக்கும் இளைத்தவர் அல்லர் என்பார்கள்.

நைடதத்தைப் பாடி முடித்த மன்னர், ஏட்டைத் தமையனார்க்கு அனுப்பி வைத்தாராம். தமையனாரின் தேவி அதனை முதலேடு தொட்டுக் கடையேடு வரை படித்தாராம். படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: இந்நூலின் நடை வேட்டை நாயின் ஓட்டத்தைப் போன்றது, தொடக்கத்தில் பாய்ச்சல், போகப் போக இளைப்பு. சொல் தென்காசிக்கு எட்டியது. மன்னர் வெகுண்டார். படை திரட்டிப் புறப்பட்டார் என்றுகூடச் சொல்வதுண்டு. பின்னர்ச் சினம் தணிந்து, உள்ளம் திரும்பி, திருக்கருவை மீது அந்தாதிகள் பாடினார் என்பது கதையின் முடிவு. அவ்வந்தாதிகளைப் பாடியவர் வரதுங்கரே என்று வாதிடும் புலவர்களும் உளர். சொல்வோர்க்குச் சொல்வோர் கதையின் விவரம் மாறும். வேட்டை நாய் மட்டும் மாறுவதில்லை.

இதே ஊரைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. அது செவிவழிக் கதையன்று, டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் தாமே எழுதி வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், சங்க நூற் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஐயர் கரிவலம்வந்தநல்லூருக்கும் வந்தார். வரதுங்கராமரின் ஏட்டுச் சுவடிகள் இவ்வூர்க் கோயிலில் சேர்ந்திருப்பதாக அவர் கேள்வியுற்றிருந்தார். வந்து விசாரித்தபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்று அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்னும் விடையே கிடைத்தது. எரிந்தவற்றுள் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி எவர் சொல்லக் கூடும்?

ஓர் அரசரின் நூலகம் சாம்பலாகிவிட்டது. அவ்வரசரின் தேவி, பிறர் எழுதிய நூல் ஒன்றைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லப்படும் ஒரு வரி மட்டும், நானூறு ஆண்டுகளாக மக்கள் நாவில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஏன்?

அச்சொல்லின் கடுமையால் அன்று. அதனினும் கடுமையாக ஏசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ஏச்சு அவர்களோடு போயிற்று. உவமையின் அழகால் மட்டும் என்றும் நமக்குத் தோன்றவில்லை. ‘முடிவில் இளைக்கிறது’ என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், அவர் முடிவு வரை சென்றிருக்க வேண்டும். அவ்வம்மையார் கடையேட்டைத் தொட்டவர் என்பதற்கு அவருடைய சொல்லே சாட்சி. படித்தவரின் சொல் என்பதால்தான் மன்னருக்குச் சுட்டது. படியாதவரின் சொல்லாயின் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்திற்கு வருவோம்.

கணினியில் எழுதப்படும் எழுத்துக்களுள் நல்லவற்றைக் கண்டெடுத்து, ‘இதைப் படியுங்கள்’ என்று ஊரறியக் குறித்துவைக்கும் தளங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. அமெரிக்காவில் 2003இல் டெலிஷியஸ், 2004இல் டிக், 2005இல் ரெட்டிட் என்று அவை வரிசையாக வந்தன. தமிழும் பின்தங்கவில்லை. காசி ஆறுமுகம் அவர்களின் முயற்சியால் 2004இல் தமிழ்மணம் என்னும் திரட்டி பிறந்தது. பின்னால் தமிழிஷ் வந்து, இன்ட்லி என்று பெயர் மாறிற்று. வேறு சிலவும் முளைத்தன. துபாயில் கணக்கு எழுதுபவரும், சிங்கப்பூரில் பொறியாளராய் இருப்பவரும், கொழும்பிலும் கனடாவிலும் வாழ்பவர்களும், கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் வீட்டிலிருக்கும் பெண்மணியும் ஒரே திண்ணையில் அமர்ந்து தமிழில் பேசும் காட்சி அதற்கு முன் இருந்ததில்லை. இதழாசிரியர் ஒருவரின் தயவை எதிர்பாராமல் எளியவரும் எழுத வழி பிறந்தது. நாமும் அந்தத் திண்ணையில் இடம்பிடித்து உட்கார்ந்தோம்; அந்நாட்களை நன்றியோடே நினைக்கிறோம்.

ஆயினும் திண்ணையில் விழுந்த சொற்களின் தரத்தைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

எழுதியவர் மூன்று நாள் உழைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பார். கீழே முதல் கருத்துரை, ‘வடை எனக்கே’ என்று இருக்கும். முதலில் வந்தவர் தாம் என்பதைத் தவிர அதில் வேறு பொருளில்லை. அடுத்தவர் ‘அருமை’ என்பார். அதற்கடுத்தவர் ‘பகிர்வுக்கு நன்றி, த.ம. 4’ என்பார். தமிழ்மணத்தில் நான்காவது வாக்கு தம்முடையது என்பது அதன் விளக்கம். கட்டுரை தாயின் மரணத்தைப் பற்றியதாக இருந்தாலும் ‘அருமை’; வெள்ளத்தில் ஊர் அழிந்ததைப் பற்றியதாக இருந்தாலும் ‘அருமை, த.ம. 5’. எழுதியவரும் நன்றிக்கடனாக அவரவர் பக்கத்துக்குச் சென்று அதே சொல்லை வைத்துவிட்டு வருவார். இதற்கு அவர்களே இட்ட பெயர் ‘மொய்’. கல்யாண வீட்டில் கவரை நீட்டிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்புகிறவரின் அவசரம் அதில் தெரியும்.

இது மனிதரின் குறை மட்டுமன்று. அமைப்பின் குறையும் ஆகும். புதிதாகக் கருத்துரை பெற்ற இடுகை, முகப்பில் மீண்டும் மேலேறி வரும். வாக்கு மிகுந்தது முன்னால் நிற்கும். ஆகவே படித்த ஒருவரின் பத்து வரியைவிடப் படியாத பத்துப் பேரின் ஒற்றைச் சொல்லுக்கே அங்கே விலை மிகுதி. எண்ணிக்கையையே அளக்கும் தராசில் எடையுள்ள பொருளைக் கொண்டுவந்து வைப்பார் யார்?

வெற்றுப் புகழுரை ஒரு புறம். வசை மறு புறம். தம் பெயர் மறைத்த ‘அனானி’கள், பிறர் பெயரைத் திருடிக்கொண்டு எழுதிய ‘போலி’கள், எழுதியவரின் சாதியையும் சமயத்தையும் கிளறியவர்கள், எழுதியது பெண் என்று தெரிந்ததும் நாவடக்கம் இழந்தவர்கள் எனக் கூட்டம் பெருகிற்று. நம் சமுதாயத்துப் பெண்மணிகள் சிலர் நன்றாக எழுதத் தொடங்கிப் பின் ஓசையின்றி ஒதுங்கிக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம். சன்மார்க்கச் செய்தி ஒன்றை எவரேனும் எழுதினால், அதன் கீழே ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகின்ற இரு சாரார், தொப்பியையும் விரலசைவையும் பற்றி நூறு வரி சண்டையிட்டுக்கொள்வர். எழுதியவர் எதைப் பற்றி எழுதினார் என்பது ஐந்தாவது வரியிலேயே மறந்து போயிருக்கும்.

இதனால் என்ன கேடு, சொல்வது காற்றோடு போகட்டுமே என்று கருதுவோர்க்கு ஓர் ஆய்வை நினைவூட்டலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்துகள் தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கட்டுரையின் கீழே நாகரிகமான கருத்துரைகள். சிலருக்கு அதே கருத்துக்கள், வசைச் சொற்களோடு. வசையைப் படித்தவர்கள், தாம் முன்பே கொண்டிருந்த சார்பில் இன்னும் இறுகிப் போனார்கள். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, படித்தவர்கள் கொண்ட பொருள் மாறிவிட்டது. 2013இல் வெளிவந்த இவ்வாய்வை எடுத்துக்காட்டியே, நூறாண்டு கடந்த ‘பாப்புலர் சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழ் அவ்வாண்டில் தன் கணினிப் பக்கங்களில் கருத்துரைக்கும் வாயிலை அடைத்தது. கீழே எழுதும் சொல், மேலே உள்ள சொல்லையும் கெடுக்க வல்லது.

ஊரார் குறையை இவ்வளவு நேரம் எடுத்துரைத்த நாம், இனி நம் குறையைச் சொல்ல வேண்டும்.

2011ஆம் ஆண்டு. அக்காலத்தில் நாம் ஒரு புனைபெயரில் எழுதி வந்தோம். எழுதியதைவிடப் பிறர் எழுத்தின் கீழே எழுதியதே அதிகம். கூர்மையாகச் சொல்பவர் என்று ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே கூர்மை தீட்டிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது விளங்குகிறது.

ஓர் இரவு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கட்டுரை கண்ணில் பட்டது. அவர் எழுதிய இரண்டாவதோ மூன்றாவதோ கட்டுரை. தம் தாயார் வைத்திருந்த ஒரு தகரப்பெட்டியைப் பற்றி அதில் எழுதியிருந்தார். தம் வீட்டில் அறபுத்தமிழ் என்றொரு தனி மொழி இருந்தது என்றும், தாயாருக்குத் தெரிந்த ஒரே மொழி அதுவே என்றும் முதற்பத்தியில் கண்டிருந்தது. அவ்வளவுதான் படித்தோம். விரல்கள் துடித்தன. ‘அறபுத்தமிழ் தனி மொழியன்று, தமிழை அறபி எழுத்தில் எழுதும் முறை. இந்த அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களெல்லாம் ஆய்வு எழுதப் புறப்பட்டால் சமுதாயம் உருப்பட்டுவிடும்’ என்று எழுதினோம். முதல் கருத்துரை நம்முடையதே.

பின்னால் வந்தவர்கள் கட்டுரையைப் படிக்கவில்லை; நம் கருத்துரையைப் படித்தார்கள். ஒருவர் நம்மைப் பாராட்டினார். ஒருவர் ஆசிரியரின் கல்வித் தகுதியைக் கேட்டார். இன்னொருவர் அவர் ஊரைச் சொல்லிக் கேலி செய்தார். மறுநாள் பார்த்தபோது நாற்பத்தொரு கருத்துரைகள் இருந்தன. ஆசிரியரிடமிருந்து மட்டும் ஒரு வரியும் இல்லை. சில வாரங்களில் அவர் பக்கமே மூடப்பட்டுவிட்டது. நாம் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆண்டுகள் கழிந்தன. அந்தத் திரட்டிகளின் ஆரவாரமும் ஓய்ந்து, எல்லாரும் வாட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஒரு நாள் எவரோ எங்கிருந்தோ எடுத்து, எழுதியவர் பெயர் இல்லாமல் அனுப்பிய ஒரு கட்டுரையின் கடைசி மூன்று பத்திகள் நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன. அதில் இருந்த செய்தி இது. கொழும்பில் வியாபாரம் செய்துவந்த கணவருக்கு ஒரு தாய் அறபுத்தமிழில் கடிதங்கள் எழுதி வந்தார். தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. ஆகவே கணக்கெடுக்க வந்தவர்கள் அவரை எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றே குறித்துக்கொண்டு போனார்கள். அவரும் தம்மைப் படியாதவர் என்றே நம்பினார். தாம் எழுதுவது வேறு ஏதோ மொழி என்று எண்ணியிருந்தார். அவர் மறைந்த பின், கடிதங்களை மூத்த மகள் உரக்கப் படிக்கக் கேட்டபோதுதான், தாயார் வாழ்நாள் முழுதும் எழுதியது தாம் வகுப்பறையில் நாற்பதாண்டு கற்பித்த அதே தமிழ் என்பது மகனுக்கு உறைத்தது.

முதற்பத்தியில் இருந்த ‘தனி மொழி’ என்பது ஆசிரியரின் அறியாமையன்று. அந்தத் தாயின் அறியாமை. அதைத் துடைப்பதற்காகவே கட்டுரை எழுதப்பட்டிருந்தது. நாம் எதை அவருக்குப் போதிக்கப் புறப்பட்டோமோ, அதுவே அவருடைய முடிவுரை!

அந்த இரவு நமக்கு உறக்கம் இல்லை.

நம் மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டுதல் இல்லாமலா போயிற்று? திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்காமல், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்று அதன் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஒருவரையொருவர் இழிவாக எள்ளலாகாது என்றும், புறம் பேசுவது இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பாகும் என்றும் அடுத்துவரும் வசனங்கள் உணர்த்துகின்றன. நல்லதைச் சொல்க, இல்லையேல் வாய் மூடியிருக்க என்னும் கருத்தமைந்த நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எல்லாம் அறிந்திருந்தோம். விசைப்பலகையில் விரல் தட்டுவதும் பேச்சுத்தான் என்பது மட்டும் மறந்து போயிற்று.

வெற்றுப் புகழுக்கும் இங்கே இடமில்லை. தம் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை அளவுகடந்து புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்ற கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. வசையும் கழுத்தை அறுக்கும், புகழும் அறுக்கும். ‘அருமை, அருமை’ என்று மொய் எழுதுகிறவரும் வாள் ஏந்தியவரே.

அப்படியானால் குறை சொல்லவே கூடாதா என்று கேட்கலாம். கூடாதென்றால் ஹதீஸ் கலையே இருந்திருக்காது. அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் நிறுத்து, நம்பத்தக்கவர் யார், நினைவுத் தவறு உள்ளவர் யார், பொய்யர் யார் என்று பிரித்த சமுதாயம் இது. குறைகூறுதலை ஒரு கலையாக, கண்ணியமான கடமையாக வளர்த்தவர்கள் நம் முன்னோர். அக்கலையின் தலைமகனான இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாத் வந்தபோது நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களைச் சோதிக்கக் கருதிய பத்துப் பேர், ஆளுக்குப் பத்தாக நூறு நபிமொழிகளை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் வரிசையை மற்றொன்றோடு மாற்றி இணைத்துச் சபையில் ஒப்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இமாம் அவர்கள், இதை நான் அறியேன் என்று மட்டுமே மறுமொழி சொன்னார்கள். விவரமறியாதோர் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணினர். நூறும் முடிந்தது. அதன் பிறகே, முதலாமவரை நோக்கித் திரும்பி, அவர் சொன்ன பிழையான வடிவத்தை அப்படியே கூறி, சரியான வடிவத்தையும் கூறினார்கள். இவ்வாறே நூறையும் வரிசை பிறழாமல் நேர்செய்தார்கள். சபை வியந்தது அவர்கள் நினைவாற்றலை. நமக்கோ அதனினும் வியப்பாக இருப்பது, நூறாவது பிழை வரை வாய் திறவாமல் கேட்டிருந்த பொறுமை. நாமாயின் முதல் பிழையிலேயே எழுந்து நின்றிருப்போம்!

அவர்களுடைய சொல்லின் அளவையும் பார்க்க வேண்டும். ஏற்கத்தகாத அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிப் பிறர் ‘பொய்யர்’ என்று எழுதும் இடத்திலும், ‘இவரைப் பற்றி யோசிக்க வேண்டியது உண்டு’ என்னும் அளவோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வது இமாம் அவர்களின் வழக்கம். எவரையும் புறம் பேசியதற்காக அல்லாஹ்விடம் கணக்குக் கேட்கப்படாத நிலையில் அவனைச் சந்திப்பேன் என்று நம்புவதாகவும் அவர்கள் சொன்னதுண்டு. ஆயிரக்கணக்கானோரின் தகுதியை நிறுத்துச் சொன்ன ஒருவர் இதைச் சொல்ல முடிந்தது. ஒரே ஒருவரை, ஒரே ஒரு முறை குறைகூறிய நமக்கு அவ்வாறு சொல்ல வாயில்லை.

தமிழ் மண்ணிலும் நமக்கு முன்மாதிரி உண்டு. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த சண்டை, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்று, அதன் பின்னரும் பல்லாண்டு ஓயாமல் புகைந்தது. அறிஞர்கள் இரு பிரிவாக நின்று எழுதிக் குவித்த கண்டன ஏடுகளில் புலமைக்குச் சமமாக வசையும் இருந்தது. அந்தப் புழுதியினூடே, சைவரல்லாத ஒருவர், கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), பாடல்களைத் தோய்ந்து கற்று, அருட்பாவின் பக்கம் நின்று பேசினார். 1907இல் சென்னையில் நூறு பொருள்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானி என்று பெயர் பெற்ற அதே பாவலர்தாம், சீறாப்புராணத்திற்கும் உரை கண்டவர். தம் சமயத்து நூலையும் பிறர் சமயத்து நூலையும் படித்துவிட்டுப் பேசியவர் ஆதலால், இரு சாராரும் அவர் சொல்லைக் கேட்டார்கள்.

இவ்வளவும் எண்ணிய பின், செய்ய வேண்டியது ஒன்றே இருந்தது. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் முறையிட்டு மன்னிப்புக் கேட்கலாம். அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியானிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும். பல பேரிடம் விசாரித்து, அந்த ஆசிரியர் மகளின் குடும்பத்தோடு கரிவலம்வந்தநல்லூரில் இருப்பதை அறிந்தோம். ஓர் அஸருக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றோம். ஸலாம் சொன்னோம். எண்பதைக் கடந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வாங்க தம்பி, உட்காருங்க” என்றார். தேநீர் வந்தது. எங்கே தொடங்குவதென்று அறியாமல் ஊரைப் பற்றிக் கேட்டோம். அவர் உற்சாகமாக அந்த வேட்டை நாய்க் கதையையும், நெய்யில் எரிந்த சுவடிகளின் கதையையும் சொன்னார். கதை முடிந்ததும், நம் புனைபெயரைச் சொல்லி, “அதை எழுதினது நான்தான் சார்” என்றோம். தலை நிமிரவில்லை.

அவர் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கட்டுரையை இப்பவாவது படிச்சீங்களா?” என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னோம். முதற்பத்தியை அன்று படித்தோம். கடைசி மூன்று பத்திகளை இப்போது படித்தோம்.

“அப்ப நடுவில?”

விடை இல்லை. அவர் எழுந்து உள்ளே சென்று, நீலக் கோடிட்ட தாளில் கையால் எழுதிய மூலப்படியைக் கொண்டுவந்து கொடுத்தார். “படிங்க. இருட்டுறதுக்குள்ள முடிச்சிடலாம்” என்றார். படித்து முடிக்கும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. நடுவில்தான் தாயார் இருந்தார். கிழிந்த புடவைத் துண்டில் மைக்கூட்டைச் சுற்றி வைக்கும் வழக்கம் இருந்தது. அறபியில் இல்லாத தமிழொலிகளுக்காக எழுத்துக்களின் மேல் கூடுதல் புள்ளி இடும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்ளும் முகம் இருந்தது. கடிதம் எழுதும் நாளில் பிள்ளைகள் சத்தமிடக் கூடாதென்ற கட்டளை இருந்தது.

“இப்பச் சொல்லுங்க” என்றார். அந்தக் குரலில் சினம் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஓர் ஆவல் இருந்தது. அது நம்மைச் சினத்தினும் மிகுதியாகச் சுட்டது.

நாம் சொன்னோம். “சார், தாயார் எழுதினதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கீங்க. என்ன எழுதினாங்கன்னு சொல்லவே இல்லையே. ஒரு கடிதம்கூட முழுசா இல்லை. முடிவு அவசரமா முடிஞ்ச மாதிரி இருக்கு.”

அவர் மெல்லச் சிரித்தார். “அது ரெண்டாம் பகுதியில வர இருந்தது. கடிதத்தையெல்லாம் ஹர்க்கத்துப் போடாம வேகமா எழுதியிருப்பாங்க. எனக்கு ஓடாது. எங்க லாத்தா படிச்சுச் சொல்ல, நான் எழுதிக்கிறதா ஏற்பாடு. அதுக்குள்ள…” என்று நிறுத்தினார். சற்றுக் கழித்து, “லாத்தா மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு” என்றார்.

நிறுத்திய இடத்தில் நம் கருத்துரை நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொன்னார், துஆச் செய்யவும் செய்தார். ஆனால் மன்னிப்பால் அந்த லாத்தாவின் குரல் திரும்பி வருமா? ஓம நெருப்பில் சுவடிகளை இட்டவர்களை அன்று மனத்தில் ஏசியிருந்தோம். அவர்களாவது அறியாமையால், பயபக்தியோடு எரித்தார்கள். நாம் எழுதப்படாத ஒரு நூலை எழுதப்படுமுன்பே எரித்தோம், கூர்மையானவர் என்று பெயர் வாங்குவதற்காக.

விடைபெறும்போது, அந்தத் தகரப்பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டோம். தயங்கிப் பின் காட்டினார். அறபுத்தமிழ்க் கையெழுத்தில் பழகிய மூதாட்டி ஒருவர் நம் உறவில் இருக்கிறார். இப்போது மாதத்தில் ஒரு நாள் அவரை அழைத்துக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் போகிறோம். அவர் படிக்கிறார், ஆசிரியர் கேட்கிறார், நாம் எழுதுகிறோம். வீட்டுப் பெயர்களும் செல்லப் பெயர்களும் பல இடங்களில் விளங்கவில்லை. அவற்றை விளக்க வேண்டியவர் இல்லை. இதுவரை மூன்று கடிதங்கள் முடிந்திருக்கின்றன.

மூன்றையும் முடிவு வரை படித்தோம். அவற்றைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. இன்னும் கடிதங்கள் இருக்கின்றன.